பதிவேடும் நோயர் வரலாறும்: முத்துக்குளித்துறைக் கடற்கரையின் மருத்துவ ஆவணப்படுத்தலில் மின்னணுப் பதிவின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

மருத்துவமனைகளில் மின்னணு நோயாளர் பதிவு வந்தபின் ஆவணப்படுத்தல் எவ்வாறு மாறியது என்னும் வினா பெரும்பாலும் தொழில்நுட்ப வினாவாகவே கேட்கப்படுகிறது. இக்கட்டுரை அதனை வரலாற்று வினாவாகக் கொள்கிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவத் துறைக்குக் கணினி வந்து சேர்ந்த வழி, நோயாளியின் கதையை எழுதும் விவரத்தாளின் வழியன்று. எண்ணிக்கையைத் தொகுக்கும் பதிவேட்டின் வழியாகும். எனவே மின்னணுப் பதிவு எண்ணத்தக்கவற்றில் வலுவாகவும் சொல்லத்தக்கவற்றில் மெலிந்தும் காணப்படுகிறது. தூத்துக்குடிக் கடற்கரையின் குளிப்புத் தொழிலாளர், உப்பளத் தொழிலாளர் ஆகியோரின் நோய்களை முன்வைத்து இக்கருத்து ஆராயப்படுகிறது.

திறவுச் சொற்கள்: மின்னணு நோயாளர் பதிவு, நோயர் விவரத்தாள், பிக்மி, தட்டப்பாறை, சங்கு குளிப்பு, உப்பளம், தொழில்சார் நோய்.

முன்னுரை

மருத்துவ ஆவணம் என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பது உண்மையில் இரு வேறு ஆவண மரபுகளின் கூட்டாகும். ஒன்று பதிவேடு. அது ஒருவரை ஒரு வரியில் அடக்கும். பலரை ஒரு பக்கத்தில் கூட்டும். மாத இறுதியில் மேலிடத்துக்குச் செல்லும். மற்றொன்று நோயர் விவரத்தாள். மருத்துவமனை வழக்கில் அது கேஸ் ஷீட். அது ஒருவரையே பல பக்கங்களில் தொடரும்; கட்டிலின் தலைமாட்டில் தொங்கும்; நோயாளி வீடு திரும்பியபின் கட்டுக்கட்டாகப் பதிவறைக்குச் செல்லும். பதிவேட்டைப் படிப்பவர் நிருவாகி. விவரத்தாளைப் படிப்பவர் அடுத்த பணிநேரத்துக்கு வரும் மருத்துவர்.

இவ்விரண்டும் கணினியில் ஒன்றாகிவிட்டன என்பது பொதுக்கருத்து. ஒன்று மற்றொன்றின் இடத்தையும் எடுத்துக்கொண்டது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும். இதனை நிறுவச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டியுள்ளது. தூத்துக்குடிப் பகுதி இதற்குப் பொருத்தமான களம். உடலை எண்ணுவதும் உடலைக் கேட்பதும் இக்கடற்கரையில் நீண்ட காலமாக வேறுவேறு கைகளில் இருந்துவந்துள்ளன.

சிப்பிக் கணக்கும் குளித்தவர் உடலும்

16-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் புன்னைக்காயலில் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளாரின் முயற்சியால் ஒரு மருத்துவமனை நடந்தது. தமிழ் அச்சு வரலாற்றில் 1578-ஆம் ஆண்டின் ‘தம்பிரான் வணக்கம்’ வாயிலாக அறியப்படும் அதே துறவிதான் இவர். அம்மருத்துவமனை பற்றி நமக்குத் தெரிவது இயேசு சபையினர் ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் வாயிலாகத்தான். கடிதம் என்பது கதை சொல்லும் வடிவம். அதில் நோயுற்றவர் ஒரு மனிதராக வருவார். எத்தனையாவது மனிதர் என்று வருவதில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் நிலை தலைகீழாகிறது. தூத்துக்குடி 1825-இல் டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் வசமானது. முத்துச்சலாபம் அரசின் தனியுரிமையாக நடத்தப்பட்டது. சென்னை அரசு அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டனும், பின்னர் ஜேம்ஸ் ஹார்னலும் இச்சலாபங்களைப் பற்றி விரிவாக எழுதினர். அவ்வறிக்கைகளைப் படிப்பவர் ஒன்றைக் கவனிக்கலாம். நாள், படகு, சிப்பி, ஏல விலை ஆகியவை நிரல்பட அட்டவணையாகின்றன. குளித்தவரின் உடல்நலமோ சிதறிய வரிகளில், பெரும்பாலும் வியப்புக்குரிய செய்தியாகவே இடம்பெறுகிறது. சுறாவைக் கட்டுவதாக நம்பப்பட்ட கடற்கட்டியைப் பற்றிக் கிடைக்கும் விவரம்கூட, குளித்து எழுந்தவரின் காதுக்கும் மூச்சுக்கும் என்ன நேர்ந்தது என்பது பற்றிக் கிடைப்பதில்லை. சிப்பி வருவாய்க்குரியது. ஆகவே எண்ணப்பட்டது.

இது காலனிய அரசின் தனிக் குறை என்று சொல்லிவிட முடியாது. எண்ணுவதற்கான வேட்கை மருத்துவத்தின் உள்ளிருந்தும் எழுந்தது. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல், 1860-இல் இலண்டனில் கூடிய பன்னாட்டுப் புள்ளியியல் மாநாட்டில் எல்லா மருத்துவமனைகளுக்கும் ஒரே படிவம் வேண்டுமென வலியுறுத்தினார். இலண்டன் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 1869-இல் நோய்ப் பெயர்களின் ஒழுங்குபட்ட பட்டியலை வெளியிட்டது. ஒரே பெயர், ஒரே படிவம் என்னும் இவ்விரண்டும் இல்லாமல் ஒப்பீடு இல்லை. ஒப்பீடு இல்லாமல் எந்த மருத்துவமனையில் மிகுதியானோர் இறக்கின்றனர் என்பதைக் கண்டறிய வழியில்லை. எனவே பதிவேட்டைக் குறைத்து மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று.

தட்டப்பாறை: உடலோடு சென்ற ஆவணம்

மணியாச்சியிலிருந்து தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை 1876-இல் திறக்கப்பட்டபின், இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர் இத்துறைமுகம் வழியாகப் பெருமளவில் கடந்தனர். கொள்ளைநோய், வாந்திபேதி, அம்மை ஆகியவற்றின் அச்சத்தால், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் தூத்துக்குடியை அடுத்த தட்டப்பாறை முகாமில் அவர்கள் நிறுத்திவைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டனர். 1914-இல் தனுஷ்கோடி–தலைமன்னார் வழி திறந்தபின் மண்டபம் முகாமே இப்பணியில் முதன்மை பெற்றது.

இக்காலத்தில் தொழிலாளரிடம் இரண்டு அடையாளங்கள் இருந்தன. ஒன்று தகர வில்லை. தோட்டத்தின் எண்ணும் தொழிலாளியின் எண்ணும் பொறிக்கப்பட்ட அதனை அவர்கள் உடலில் அணிந்து சென்றனர். அவர் எந்தத் தோட்டத்துக்குரியவர், பயணச் செலவு யார் கணக்கில் சேரும் என்பதை அது உடனே காட்டியது. மற்றொன்று ‘துண்டு’. ஒரு தோட்டத்திலிருந்து விலகுவோர் மீதான கடன் நிலுவையைக் குறிக்கும் அத்தாளை இலங்கை அரசு 1921-இல்தான் ஒழித்தது.

நோயாளர் பதிவு வரலாற்றில் இத்தகர வில்லைக்கு ஏன் இடம் தரவேண்டும் எனக் கேட்கலாம். அமெரிக்காவில் மேயோ மருத்துவமனையின் ஹென்றி பிளம்மர் 1907-இல் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரே எண், ஒரே கோப்பு என்னும் முறையை உருவாக்கினார். நவீன நோயாளர் பதிவின் தொடக்கமாக இதையே நூல்கள் குறிக்கின்றன. பிளம்மரின் எண், நோயாளியின் முந்தைய கதை முழுவதையும் மருத்துவரின் மேசைக்குக் கொண்டுவந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் தூத்துக்குடி வழியே சென்ற தகர வில்லையின் எண்ணும் ஒருவருக்கு ஓர் எண் என்பதே. ஆனால் அவ்வெண்ணின் பின்னால் கதை எதுவும் இல்லை. கணக்கு மட்டுமே இருந்தது. தனி அடையாள எண் தரப்பட்டுவிட்டால் நோயாளியின் வரலாறு தானே வந்து சேரும் என்னும் இன்றைய நம்பிக்கையை இவ்வொப்பீடு சற்று ஐயுற வைக்கிறது.

நோயர் விவரத்தாளின் மரபு

விவரத்தாளில் மருத்துவ மாணவர் எழுதப் பழகும் வரிசை நூறாண்டுக்கும் மேலாகப் பெரிதும் மாறவில்லை. பெயர், வயது, தொழில், ஊர். பிறகு நோயாளி தம் வாயால் சொல்லும் முறையீடு. பிறகு நிகழ்நோய் வரலாறு, முன்னோய் வரலாறு, குடும்ப வரலாறு. அதன்பின்னரே உடற்சோதனை. இவ்வரிசையில் தொழிலைக் கேட்கும் வழக்கத்தை வலியுறுத்தியவர் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமட்சினி. ஹிப்போகிரட்டீஸ் வகுத்த வினாக்களோடு ‘உன் தொழில் என்ன’ என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும் என 1700-இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். உப்பெடுப்போரின் நோய்களுக்கு அந்நூலில் ஓர் இயல் உண்டு என்பது தூத்துக்குடி வாசகருக்குச் சுவை தரும் செய்தி.

1968-இல் லாரன்ஸ் வீட் என்னும் அமெரிக்க மருத்துவர் விவரத்தாளைச் சீர்திருத்த முற்பட்டார். நோயாளி சொல்வது, மருத்துவர் காண்பது, மதிப்பீடு, திட்டம் என்னும் நான்கு பகுதிகளாகக் குறிப்பை அமைக்கும் வழக்கம் அவரிடமிருந்து பரவியது. கணினியில் பதிவு வைக்க முதலில் முயன்றோருள் வீட் ஒருவர் என்பது கருதத்தக்கது. விவரத்தாளின் வழியாகவும் கணினிக்கு ஒரு பாதை இருந்தது என்பதை அது காட்டுகிறது. நம் மாநிலம் சென்ற பாதை வேறு.

காகித விவரத்தாளைப் பொற்காலமாக நினைத்துவிடக் கூடாது. கூட்டம் நெரியும் புறநோயாளர் பிரிவில் ஓ.பி. சீட்டின் பின்புறத்தில் இரண்டு வரி எழுதப்படுவதே வழக்கம். கையெழுத்து விளங்காது. சீட்டை நோயாளி தொலைத்துவிட்டால் வரலாறும் தொலைந்தது. மேலும், நோயாளி தமிழில் சொன்னதை மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதினார். ‘மரத்துப்போகுது’, ‘குடையுது’, ‘விறுவிறுங்குது’ என மூன்று வெவ்வேறு உணர்வுகளைச் சொன்னவர் மூவரும் தாளில் ஒரே ஆங்கிலச் சொல்லாக ஆயினர். கணினிக்கு முன்பே அந்த இழப்பு தொடங்கிவிட்டது.

கணினி வந்த வழி

உலக வங்கி உதவியுடன் தமிழ்நாடு சுகாதார அமைப்புத் திட்டம் 2005-இல் தொடங்கியது. அத்திட்டத்தின் கீழ் மருத்துவமனை மேலாண்மைத் தகவல் அமைப்பு உருவானது. முதலில் சில மருத்துவமனைகளில் சோதித்துப் பார்க்கப்பட்டுப் பின்னர் மாநிலம் முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்டது. அமைப்பின் பெயரிலேயே அதன் பிறப்பு தெரிகிறது. அது மேலாண்மைக்கான தகவல். புறநோயாளர் எத்தனை பேர், எந்த மருந்து எவ்வளவு இருப்பு, எத்தனை ஆய்வகச் சோதனை, எத்தனை கட்டில் நிரம்பியது ஆகிய வினாக்களுக்கு விடை தேடுவது அது.

தேசிய அளவிலும் இதுவே நிகழ்ந்தது. நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004-இல் தொடங்கி, அறிகுறிக்கு ஒன்று, மருத்துவரின் ஊகத்துக்கு ஒன்று, ஆய்வக உறுதிக்கு ஒன்று என மூன்று வாராந்தரப் படிவங்களைக் கொண்டுவந்தது. தேசிய ஊரக நலவாழ்வு இயக்கத்தின் தகவல் வலைத்தளம் 2008-இல் வந்தது. காசநோய்க்கான நிக்‌ஷய் 2012-இல் வந்தது. இவையனைத்தும் வரும்வரை ஒரு நோயாளியின் முழு மின்னணுப் பதிவு எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு அரசின் தர வரையறை எதுவும் இல்லை. மத்திய அரசு அதனை 2013-இல்தான் முதன்முதலாக வெளியிட்டு 2016-இல் திருத்தியது. நோய்ப் பெயருக்கு ஐ.சி.டி.-10, மருத்துவச் சொற்களுக்கு ஸ்னோமெட் சி.டி. எனப் பொதுக் குறியீடுகள் அதில் பரிந்துரைக்கப்பட்டன. முதலில் எண்ணிக்கை, பிறகே நோயாளி என்னும் கால வரிசையை இங்கே தெளிவாகக் காணலாம்.

மூன்றாவதாக ஒரு பெற்றோரும் இப்பதிவுக்கு உண்டு. அது காப்பீடு. 2009-இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012-இல் அதன் இடத்தில் வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் அறுவைச் சிகிச்சைக்கு முன் அனுமதி பெற ஆவணங்களைக் கணினி வழி அனுப்பக் கோரின. ஒப்புதல் தருபவர் தொலைவில் இருக்கிறார், நோயாளியைப் பார்க்கமாட்டார். அவருக்காக எழுதப்படும் குறிப்பில், செய்யப்போகும் சிகிச்சைக்கு ஆதரவானவை எல்லாம் இருக்கும். ஐயங்கள் இருப்பது அரிது. ஐயங்களை எழுதிவைக்கும் இடமாகவும் விவரத்தாள் இருந்தது என்பதை மருத்துவக் கல்லூரிகளில் கற்பிப்போர் அறிவர்.

பிக்மி: பதிவேட்டின் வெற்றி

பதிவேட்டு மரபு கணினியில் எவ்வளவு ஆற்றல் பெறும் என்பதற்குச் சிறந்த சான்று, கருவுற்ற தாயையும் குழந்தையையும் தொடர்ந்து கண்காணிக்கும் பிக்மி மென்பொருளாகும். இது 2008-இல் அறிமுகமானது. அதற்குமுன் கிராம சுகாதார செவிலியர் தாய்–சேய் விவரங்களைப் பெரும் பதிவேடுகளில் எழுதினர். மாத அறிக்கைக்காக அவற்றைக் கையால் கூட்டினர். ஒரு தாய் மணப்பாட்டில் பதிந்து, பேறுகாலத்துக்குத் தாய்வீடான வேம்பாருக்குச் சென்றால், ஒரு பதிவேட்டில் அவர் காணாமற்போனவர், மற்றொன்றில் புதியவர். தலைப்பேறு தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். ஆதலால் இக்குழப்பம் விதிவிலக்காக அன்றி விதியாகவே இருந்தது. 12 இலக்கத் தாய்–சேய் நல எண் வந்தபின் தாயின் பதிவு அவரோடு பயணம் செய்கிறது. இதில் பெரும் நன்மை உண்டு. இரத்தசோகை உள்ள தாய், முன்பு அறுவை வழிப் பேறு நிகழ்ந்த தாய் ஆகியோரைப் பேறுகாலத்துக்கு முன்பே இனங்காண முடிகிறது.

ஆனால் எண் வலுப்பெறும்போது அதன் இயல்பும் மாறுகிறது. 2017-இன் பிற்பகுதியிலிருந்து பிறப்புப் பதிவுக்கே இவ்வெண் தேவையானது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் உதவியும் இவ்வெண்ணோடு பிணைக்கப்பட்டது. மருத்துவத்துக்காகத் தொடங்கிய பதிவு, சான்றிதழுக்கும் பணத்துக்குமான வாயிலாயிற்று. எனவே ஒவ்வொரு கட்டமும் உரிய நாளில் நிரம்பியாக வேண்டும். நிரப்பும் பொறுப்பு செவிலியருடையது. கணினிப் பதிவின் சுமை குறித்துக் கிராம சுகாதார செவிலியர் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்துவந்துள்ளன. அவ்வெதிர்ப்பைக் கணினி அறியாமை எனத் தள்ளிவிடுவது எளிது, அது சரியன்று. அவர்கள் தாயின் வீட்டுக்குச் செல்வதற்காக நியமிக்கப்பட்டவர்கள். திரைக்குமுன் செலவிடும் நேரம் வீட்டு வாசலில் செலவிடும் நேரத்திலிருந்தே கழிகிறது.

மீனவர் இடப்பெயர்வுக்கு நிக்‌ஷய் செய்ததையும் இங்கே குறிப்பிடலாம். ஆழ்கடல் தொழிலுக்காகக் கொச்சிக்கும் பிற துறைமுகங்களுக்கும் செல்லும் தூத்துக்குடி மாவட்டத்தவர் ஒருவர் காசநோய் மருந்தை இடையில் விடாமல் தொடர, எங்கும் செல்லுபடியாகும் எண் உதவுகிறது. பழைய முறையில் அவர் சிகிச்சையைக் கைவிட்டவர் என்றே ஒரு வரி எழுதப்பட்டிருக்கும்.

எழுதும் கையும் எழுதும் நேரமும்

மருத்துவமனைக்குள் வந்தால், ஆவணப்படுத்தலின் மாற்றத்தை மூன்று இடங்களில் காணலாம். முதலாவது, இரட்டைப் பதிவு. உள்நோயாளர் பிரிவுகளில் காகித விவரத்தாள் நீங்கிவிடவில்லை. முதலில் தாளில் எழுதப்படுகிறது. பின்னர் அதன் ஒரு பகுதி கணினிக்குச் செல்கிறது. எந்தப் பகுதி செல்கிறது என்பதைத் தீர்மானிப்பது படிவத்தின் கட்டங்கள். கட்டம் இல்லாதது தாளிலேயே தங்கிவிடுகிறது.

இரண்டாவது, எழுதுபவர். பார்ப்பவரே எழுதுபவர் என்னும் பழைய பிணைப்பு தளர்கிறது. மருத்துவர் பார்க்கிறார், பதிவாளரோ பயிற்சி மருத்துவரோ உள்ளிடுகிறார். இடையில் ஒரு படியெடுப்பு நிகழ்கிறது. ஏடு படியெடுத்தோரின் பிழைகளைக் கொண்டு பாடவேறுபாடுகளை ஆராயும் தமிழ் ஆய்வாளருக்கு இதன் பொருளை விளக்கவேண்டியதில்லை. ஓலைச்சுவடியில் படியெடுத்தவர் சோர்ந்த இடத்தில் சொல் விடுபடும். கணினியில் அதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. நேற்றைய குறிப்பை அப்படியே எடுத்து இன்றைய நாளில் ஒட்டிவிட முடிகிறது. அப்போது சொல் விடுபடுவதில்லை, மிகுகிறது. தேறிவிட்ட காய்ச்சல் பதிவில் இன்னும் காய்ந்துகொண்டிருக்கும். உலகெங்கும் மின்னணுப் பதிவு பற்றி எழுந்த முறையீடுகளில் இது முதன்மையானது.

மூன்றாவது, நேரம். தாளில் எழுதிய நேரத்தை எழுதியவர் சொன்னபடி நம்பவேண்டும். கணினி தானே நேரத்தைக் குறிக்கிறது. ஆனால் அது உள்ளிட்ட நேரமேயன்றி நோயாளியைப் பார்த்த நேரமன்று. இரவு 2 மணிக்குச் செய்த முதலுதவி காலை 8 மணிக்குப் பதிவாகலாம். துல்லியம் போலத் தோன்றும் இக்குறிப்பை நீதிமன்றத்திலும் ஆய்விலும் கவனமாகவே கையாளவேண்டும்.

இவற்றோடு, விளங்காத கையெழுத்து மறைந்தது, மருந்தின் பெயரும் அளவும் தெளிவானது, ஆய்வக முடிவு நோயாளியை முந்திக்கொண்டு மருத்துவரிடம் வந்து சேர்ந்தது என்னும் நன்மைகளையும் சேர்த்து எண்ணவேண்டும். மருந்தகச் சன்னலில் நிற்பவருக்கு இவை சிறியவை அல்ல.

குளிப்பவர் ஒருவர் மருத்துவமனைக்கு வருகிறார்

இனி ஒரு கற்பனை நேர்வைக் கொள்வோம். சங்கு குளிக்கும் ஒருவர் மூட்டுக் குடைச்சலுடனும் கால் மரத்துப்போன நிலையிலும் அரசு மருத்துவமனைக்கு வருகிறார். இன்று பலர் மூச்சடக்கிக் குளிப்பதில்லை. படகிலுள்ள காற்றழுத்தக் கருவியிலிருந்து குழாய் வழி மூச்செடுத்துக் கடலடியில் நெடுநேரம் தங்குகின்றனர். விரைந்து மேலேறினால், அழுத்தத்தில் உடலுக்குள் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழிகளாகிறது. மூட்டுகளில் வலியும், தண்டுவடத்தைத் தாக்கினால் செயலிழப்பும் நேரும். உயர் அழுத்த உயிர்வளிச் சிகிச்சையை விரைவாகத் தொடங்குவதே இதற்குரிய வழி.

இந்நோய்க்கு ஐ.சி.டி.-10 பட்டியலில் டி70.3 என்னும் குறியீடு உண்டு. காற்றழுத்த மாற்றத்துக்கு ஆட்பட்டமை என்னும் புறக்காரணத்துக்கும் டபிள்யூ94 எனத் தனிக் குறியீடு உண்டு. ஆகவே மின்னணுப் பதிவு இந்நோயை ஏற்கமாட்டாது என்பதில்லை. சிக்கல் அதற்கு முந்தைய படியில் உள்ளது. எத்தனை பாகம் ஆழம், எவ்வளவு நேரம், ஒரு நாளில் எத்தனை முறை, எழுந்தபின் எத்தனை மணி கழித்து வலி தொடங்கியது என்னும் நான்கு வினாக்களின் விடையே நோயைக் காட்டிக்கொடுக்கும். இவ்விடைகளைத் தருவது தொழில் வரலாறு. ‘தொழில்’ என்னும் கட்டத்தில் ‘கூலி’ என்றோ ‘மீனவர்’ என்றோ தெரிவு செய்து அடுத்த கட்டத்துக்குச் சென்றுவிட்டால், மூட்டுவலி மூட்டுவலியாகவே பதியும். குறியீடும் அதற்கேற்பவே அமையும். ஆண்டு இறுதியில் மாவட்டத்தின் எண்ணிக்கையில் குளிப்பு நோய் இல்லை என்று வரும். இல்லாத நோய்க்கு அழுத்த அறை கோருவது எங்ஙனம்?

உப்பளத் தொழிலாளரின் நிலையும் இதனை ஒத்ததே. வெயிலிலும் உப்பு நீரிலும் நாளெல்லாம் நிற்கும் அவர்களுக்குக் கண்ணெரிச்சல், தோல் வெடிப்பு, நீரிழப்பு, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை நேர்கின்றன. மிகு வெப்பத்துக்குத் தொழில்வழி ஆட்பட்டமையைக் குறிக்க அதே பட்டியலில் இசட்57.6 என்னும் இடம் காத்திருக்கிறது. ஆயினும் தமிழ்நாட்டு உப்பளங்களில் வெப்பமும் சிறுநீரக நலமும் எப்படித் தொடர்புற்றுள்ளன என்பதை அறியச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் உப்பளங்களுக்கே சென்று அளவெடுக்க நேர்ந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீடுதேடிச் சென்று பதிகிறது. அதுவும் எண்ணத்தக்க இரண்டையே முதலில் எடுத்துக்கொண்டது. உப்பளத்துப் பெண் ஒருவரின் இரத்த அழுத்தம் எவ்வளவு என்பது இன்று எளிதில் கிடைக்கும். காலையிலிருந்து அவர் எத்தனை முறை தண்ணீர் குடித்தார், ஒதுங்க இடமில்லாததால் குடிக்காமலே இருந்தாரா என்பது எந்தத் திரையிலும் கிடைக்காது. சிறுநீரக மருத்துவருக்கு வேண்டியது இரண்டாவது விவரமும்தான்.

தமிழில் எழுத இயலாமை இதற்குக் காரணமென்று இனிச் சொல்ல முடியாது. தமிழ்நாடு அரசு 2010-இலேயே ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. நோயாளி சொன்ன சொல்லை அப்படியே தமிழில் பதிய ஒரு திறந்த கட்டம் அமைப்பது தொழில்நுட்ப அளவில் எளிது. நிருவாக அளவில் அது கடினம். அக்கட்டத்தில் எழுதப்படுவதைக் கூட்டிக் காட்ட முடியாது என்பதே காரணம்.

சட்டத்தின் முன் பதிவு

மருத்துவ ஆவணம் நோயாளிக்குரிய உரிமையும் ஆகும். இந்திய மருத்துவக் கழகத்தின் 2002-ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள், உள்நோயாளர் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டு பாதுகாக்கவும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவும் பணித்தன. விரைந்து எடுக்க ஏதுவாக ஆவணங்களைக் கணினியில் ஏற்ற முயலவேண்டும் என்பதும் அவ்விதிகளில் உண்டு. மின்னணு ஆவணம் நீதிமன்றத்தில் சான்றாக ஏற்கப்பட, சாட்சியச் சட்டத்தின் 65-பி பிரிவின்படி சான்றிதழ் தேவைப்பட்டது. 2024 ஜூலை முதல் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு அதன் இடத்தில் உள்ளது.

இம்மாவட்டத்தில் இது வெறும் சட்டநூல் செய்தியாக இல்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் காவலில் வைக்கப்பட்ட தந்தையும் மகனும் இறந்தபோது, அவர்களைச் சிறைக்கு அனுப்புமுன் அளிக்கப்பட்ட மருத்துவத் தகுதிச் சான்று கடும் கேள்விகளுக்கு உள்ளாயிற்று. அத்தகைய சான்று மின்னணு வடிவில் இருப்பின் பயன் உண்டா? ஓரளவு உண்டு. எப்போது உள்ளிடப்பட்டது, யார் உள்ளிட்டார், பின்னர் திருத்தப்பட்டதா என்பன தடமாக நிற்கும். சட்டையைக் கழற்றிப் பார்த்தாரா என்பதற்கு எந்தத் தடமும் நில்லாது. ‘காயம் இல்லை’ என்னும் கட்டத்தில் குறியிடுவது, காயத்தை அளந்து இடம், நீளம், நிறம் ஆகியவற்றை எழுதுவதைவிட எளிது. விபத்துப் பதிவேட்டில் காயத்தைச் சொற்களால் விவரித்து எழுதும் பழக்கம் தேய்வது சட்ட மருத்துவத்துக்கு உண்மையான இழப்பாகும்.

எஞ்சி நிற்பவை

வரலாற்றாய்வாளருக்கு இன்னொரு கவலையும் உண்டு. காகித ஆவணம் மூன்றாண்டுக்குப்பின் அழிக்கப்படலாம். வழக்குத் தொடர்பானவை தவிர மற்றவை அவ்வாறு அழிக்கப்படுவது வழக்கமே. 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்புகளே இக்கடற்பகுதியில் அரசு நடத்திய கடைசிக் குளிப்புகள். அவற்றில் கிடைத்த சிப்பியின் கணக்கு அச்சில் இருக்கிறது. அக்காலத்தில் நோயுற்று மருத்துவமனையில் படுத்த குளிப்பாளியின் விவரத்தாள் கிடைக்கும் என எதிர்பார்ப்பதற்கில்லை. மின்னணுப் பதிவுக்கு இடப்பற்றாக்குறை இல்லை. அழிக்கவேண்டிய தேவையும் குறைவு. அவ்வகையில் அது வருங்கால ஆய்வாளருக்குக் கொடை. ஆனால் மென்பொருள் மாறும்போது புதியதற்குள் எது கொண்டுசெல்லப்படுகிறது என்பதையும் கட்டங்களே தீர்மானிக்கும்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை பெய்தபோது, மாவட்டத்தின் பல ஊர்களில் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் நாள்கணக்கில் இல்லாமற்போயின. அத்தகைய நாளில் தாழ்ந்த அறையிலுள்ள காகிதம் நனையும். மேல்தளத்துக் கணினியும் பேசாது. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உட்கொள்ளும் மருந்தின் பெயரை அறிய முகாமுக்கு வந்த மருத்துவர் நாடக்கூடியது, நோயாளி நெகிழிப் பையில் சுற்றி இடுப்பில் செருகிவந்த பழைய ஓ.பி. சீட்டையும் காலியான மாத்திரை அட்டையையுந்தான்.